ரெண்டு கோடு வந்தாச்சு, இப்ப எங்க போய்க் காட்டுறது? பாலிகிளினிக்கா, பிரைவேட்டா, ஊருக்கா?

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில இங்க சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்ல மீனை வெட்டக் கொடுத்துட்டு நின்னுட்டு இருந்தேன், ஆபீஸ்ல என் பக்கத்து டேபிள் பொண்ணு வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பினா. கர்ப்பம் பார்க்குற டெஸ்ட் கிட், ரெண்டு கோடு. கீழயே மெசேஜ், "அக்கா ப்ளீஸ் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, மூணு மாசம் முடியட்டும்னு அம்மா சொல்றாங்க, எங்க போய்க் காட்டுறதுன்னு மட்டும் சொல்லுங்க, பாலிகிளினிக்கா பிரைவேட்டா, இல்ல பேசாம ஊருக்கே போயிடவா?" மீன்காரர் ரெண்டு தடவை கூப்பிட்டது காதுல விழவே இல்ல. அங்கேயே நின்னு வாய்ஸ் மெசேஜ் போட ஆரம்பிச்சேன், மூணு நிமிஷம் தாண்டியும் பாலிகிளினிக்கே முடியல, சரி வீட்டுக்குப் போய் எழுதியே அனுப்பிடலாம்னு உட்கார்ந்ததுதான் இது. அவளுக்கு அனுப்பினதோட இன்னும் கொஞ்சம் சேர்த்திருக்கேன்.

நான் டாக்டர் இல்ல, நர்ஸும் இல்ல. ரெண்டு பெத்தவ, அவ்வளவுதான். மூத்தவன் பாலிகிளினிக்குங்கற பேட்டை கவர்மெண்ட் கிளினிக் வழியா கவர்மெண்ட் ஆஸ்பத்திரி மானியத்துல, சின்னவ பிரைவேட் கைனி, அதாவது மகப்பேறு டாக்டர்கிட்ட. என் தங்கச்சி இங்க பாதி பார்த்துட்டு ஏழாம் மாசம் தஞ்சாவூர் போய் பெத்துட்டு வந்தா. அதனால மூணு வழியும் எங்க வீட்டுக்குள்ளயே இருக்கு, எதுல என்ன கஷ்டம்னு கேட்டா ராத்திரி பூரா பேசுவோம்.

ஆனா எந்த வழிங்கறதுக்கு முன்னாடி அந்த "மூணு மாசம் முடியட்டும்" விஷயத்தைப் பேசியே ஆகணும். மூத்தவன் உண்டானப்ப என் மாமியாரும் இதைத்தான் சொன்னாங்க, கண்ணு பட்டுரும், வாயைத் திறக்காதேன்னு. நான் என்ன பண்ணினேன், ஊருக்குச் சொல்லக்கூடாதுங்கறதை டாக்டருக்கும் சொல்லக்கூடாதுன்னு எடுத்துக்கிட்டேன், ஏன்னா எங்க புளோக்குக்குப் பக்கத்துல இருக்குற பாலிகிளினிக்ல போய் உட்கார்ந்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சவங்க யாராவது "என்னம்மா உடம்புக்கு"ன்னு கேட்டுருவாங்க. அப்படியே தள்ளித் தள்ளி 12-வது வாரம் போனேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபரல் லெட்டர் எழுதிக் கொடுத்தாங்க, ஆஸ்பத்திரியில தேதி கிடைச்சது 15-வது வாரம். குழந்தையோட கழுத்துக்குப் பின்னாடி நீர் எவ்வளவு இருக்குன்னு அளக்குற ஸ்கேன் ஒண்ணு இருக்கு, அதை 11 வாரத்துலேர்ந்து 13 வாரம் 6 நாளுக்குள்ளதான் எடுக்க முடியும். நான் போய் நின்னப்ப அந்தக் கதவு மூடிடுச்சு. டாக்டரம்மா திட்டல, கணினியைப் பார்த்துக்கிட்டே "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்"னு மட்டும் சொன்னாங்க, எனக்கு அது திட்டை விட மோசமா இருந்துச்சு. வேற ரத்தப் பரிசோதனை பண்ணினோம், பிள்ளை நல்லாத்தான் இருந்தான், ஆனா ரிசல்ட் வர்ற வரைக்கும் நான் தூங்கல.

இதுல நிறைய பேருக்குத் தெரியாத கணக்கு ஒண்ணு இருக்கு. கர்ப்ப வாரத்தை கரு தங்கின நாள்லேர்ந்து எண்ணுறது இல்ல, கடைசியா தலைக்குக் குளிச்ச மாதவிலக்கோட முதல் நாள்லேர்ந்து எண்ணுறாங்க. அப்ப நாள் தள்ளிப்போன அன்னிக்கே நீங்க நாலு வாரம். நாலஞ்சு நாள் பார்த்துட்டு கிட் வாங்கி, ஒண்ணு பத்தாதுன்னு இன்னொண்ணு வாங்கி, புருஷன்கிட்ட சொல்லி, அம்மாவுக்குப் போன் போட்டு அழுது முடிக்கிறதுக்குள்ள அஞ்சு ஆறு வாரம் ஆயிடும். அதனால மூணு மாசம்னு நாம சொல்றதுல நம்ம கையில இருக்கறது ஆறு, ஏழு வாரம்தான். அதுல ரெஃபரல், அப்பாயின்ட்மென்ட்னு ரெண்டு மூணு வாரம் போயிடும்.

இந்த ஆரம்ப வாரங்கள்ல அப்படி என்னதான் பார்க்குறாங்க, வயிறே தெரியலயேன்னு என் அம்மா கேட்டாங்க. கரு கர்ப்பப்பையில தங்கியிருக்கா இல்ல குழாய்ல மாட்டியிருக்கான்னு முதல்ல பார்க்கணும், குழாய்ல இருந்தா அது உயிருக்கே ஆபத்து. ஒண்ணா ரெண்டா, எத்தனை வாரம்னு ஸ்கேன்ல தெரியும், இந்தத் தேதி தப்பாச்சுன்னா கடைசியில பிரசவத் தேதியே குழம்பிடும். ரத்தத்துல ரத்த வகை, ஹீமோகுளோபின், தலசீமியாங்கற பரம்பரை ரத்தக் குறை, ஹெபடைடிஸ் பி, சிஃபிலிஸ், எச்ஐவி எல்லாம் பார்ப்பாங்க, எச்ஐவின்னு கேட்டதும் சில பேர் கோவப்படுறாங்க, அது எல்லாருக்கும் வழக்கமா பண்றதுதான், முன்னாடியே தெரிஞ்சா குழந்தைக்குப் போகாம தடுக்கலாம். ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் மாத்திரை தெரியும்தானே, குழந்தையோட முதுகுத்தண்டு ஆகுற குழாய் கரு தங்கி 28 நாளுக்குள்ள மூடிடும், அதாவது நீங்க நாள் தள்ளிப்போச்சேன்னு யோசிச்சுட்டு இருக்குறப்பவே. நியாயமா பார்த்தா அதைக் கல்யாணப் பத்திரிகையோட சேர்த்துக் கொடுக்கணும். பிரஷருக்கும் வலிப்புக்கும் முகப்பருவுக்கும் சாப்பிடுற சில மாத்திரைகள் கருவுக்கு ஆகாது, அதை மாத்திக் கொடுக்கணும். பிரஷர் ஏறுற வாய்ப்பு அதிகமா இருக்குறவங்களுக்கு 16 வாரத்துக்கு முன்னாடியே குறைஞ்ச அளவு ஆஸ்பிரின் ஆரம்பிச்சா குறைமாசத்துல வர்ற ப்ரீஎக்லாம்சியாங்கற ஆபத்தான கர்ப்ப கால பிரஷர் பாதிக்கு மேல குறையுதுன்னு 2017-ல வந்த ஆஸ்ப்ரேங்கற ஆய்வுல காட்டினாங்க, 20 வாரத்துல போய் நின்னா அந்தப் பலன் கிடைக்காது. அப்புறம் சர்க்கரை. நம்ம இந்தியப் பெண்களுக்கு கர்ப்பத்துல சர்க்கரை வர்ற வாய்ப்பு மத்தவங்களை விட அதிகம், 24-லேர்ந்து 28 வாரத்துக்குள்ள அந்தத் தித்திப்புத் தண்ணியைக் குடிக்க வச்சு எல்லாருக்கும் பார்ப்பாங்க, ஆனா வீட்ல அப்பா அம்மாவுக்கு சர்க்கரை இருந்தா முதல் விசிட்லயே சொல்லிடுங்க, முன்னாடியே பார்த்துருவாங்க.

சும்மா ஒரு ஆர்வத்துல உலகத்துல மத்தவங்க எப்படின்னு தேடிப் பார்த்தேன். லான்செட் குளோபல் ஹெல்த்ங்கற மருத்துவ இதழ்ல 2017-ல வந்த ஒரு கணக்குல, ஆரம்ப மாசங்கள்லயே டாக்டரையோ நர்ஸையோ பார்த்த கர்ப்பிணிங்க உலகம் பூரா 1990-ல 40.9 சதவீதம், 2013-ல 58.6 சதவீதம். ஏழை நாடுகள்ல 24 சதவீதம்தான், பணக்கார நாடுகள்ல 82 சதவீதம் கிட்ட. ஏழை நாட்டுல ஏன் குறைவுன்னு புரியுது, ஆஸ்பத்திரி தூரம், பஸ் இல்ல, காசு இல்ல, சியரா லியோன்ல 2010-ல கர்ப்பிணிகளுக்குக் கட்டணத்தையே எடுக்க வேண்டியிருந்துச்சு. பணக்கார நாட்டுல அஞ்சுல ஒருத்தி ஏன் வரலங்கறதுதான் என்னை யோசிக்க வச்சது, ஏன்னா எம்ஆர்டி ரயில்ல இருபது நிமிஷத்துல ஆஸ்பத்திரி இருந்தும் போகாத அந்த ஒருத்தி நான்தானே. மொசாம்பிக் மாதிரி இடத்துல செய்வினைக்குப் பயந்து கர்ப்பத்தை மறைக்கிறாங்கன்னு படிச்சப்ப சிரிப்பே வரல, என் மாமியார் சொன்ன கண்ணுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம். உலக சுகாதார நிறுவனம் 2016-லேர்ந்து குறைஞ்சது எட்டு தடவை பார்க்கணும், முதல் தடவை 12 வாரத்துக்குள்ளன்னு சொல்லுது, அதுக்கு முன்னாடி நாலு தடவைன்னு இருந்துச்சு. இங்கிலாந்துல 10 வாரத்துக்குள்ளயே முதல் அப்பாயின்ட்மென்ட்னு 2021 வழிகாட்டுதல்ல போட்டுட்டாங்க.

சரி, இப்ப விஷயத்துக்கு வரேன். சிட்டிசனோ பிஆரோ (நிரந்தரவாசி) இருந்து, செலவு முக்கியம்னா, பாலிகிளினிக் வழி. ஹெல்த்ஹப் ஆப்ல அப்பாயின்ட்மென்ட் போட்டு, அங்க டாக்டர் பார்த்து, கேகே, என்யுஎச், எஸ்ஜிஎச் இந்த மூணு கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில ஒண்ணுக்கு ரெஃபரல் எழுதுவாங்க. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, நல்லா கவனிங்க. அந்த மாதிரி ரெஃபரல் இருந்தாதான் மானியக் கட்டணம். அவசரப்பட்டு நேரா கேகேவுக்குப் போன் பண்ணி நீங்களே அப்பாயின்ட்மென்ட் வாங்கினா பிரைவேட் பேஷன்ட் கணக்குல போயிடுவீங்க. அப்புறம் "நான் மானியத்துக்கு மாறிக்கிறேன்"னா சும்மா மாத்த மாட்டாங்க, மெடிக்கல் சோஷியல் வொர்க்கர் வந்து குடும்ப வருமானம் எல்லாம் கேட்டு முடிவு பண்ணுவாங்க. ஆறாவது வாரத்துல ஒரு போன் கால்ல பண்ற விஷயம் ஒன்பதாம் மாசம் வார்டு பில் வரைக்கும் கூடவே வரும், இதை முதல்லயே யாரும் நமக்குச் சொல்றது இல்ல. மானியத்துல போனா பல பேர் சேர்ந்து இருக்குற பி2, சி வார்டு, ஜிஎஸ்டியை அரசாங்கமே பார்த்துக்கும். பிஆருக்கு சிட்டிசனை விட மானியம் கம்மி, ஆனா இருக்கு.

கேகேன்னா கண்டாங் கெர்பாவ், மலாய்ல எருமைத் தொழுவம்னு அர்த்தம், தேக்கா பக்கம் ஒரு காலத்துல மாடு கட்டின இடம்ங்கறதால வந்த பேரு. 1966-ல ஒரே வருஷத்துல 39,835 பிரசவம் பார்த்து கின்னஸ்ல வந்த ஆஸ்பத்திரி. என் மாமியார், அவங்க தங்கச்சிங்க எல்லாம் அந்தப் பழைய கட்டடத்துல பொறந்தவங்கதான். அதனால எங்க குடும்பத்துல "கேகேவுக்குப் போ"ன்னா கோயிலுக்குப் போன்னு சொல்ற மாதிரி.

மானிய வழியில எனக்குப் பிடிக்காதது ரெண்டு. ஒண்ணு, டாக்டரை நீங்க தேர்ந்தெடுக்க முடியாது, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு முகம், போன தடவை சொன்ன கதையைத் திரும்ப ஆரம்பத்துலேர்ந்து சொல்லணும். பொம்பளை டாக்டர்தான் வேணும்னு அடம் பிடிக்கவும் முடியாது, கேட்டுப் பார்க்கலாம். ரெண்டு, காத்திருக்குறது. மசக்கையோட, வாந்திப் பையைக் கையில வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் நம்பர் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன், பக்கத்துல ஒரு அம்மா மிளகு வாசனை வர்ற ஏதோ சூப் குடிச்சுட்டு இருந்தாங்க, அந்த நாளை நான் மறக்க மாட்டேன். ஆனா வைத்தியத்துல குறை சொல்ல முடியாது. பிரச்சனைன்னு வந்தா பெரிய டாக்டருங்க, பச்சைக்குழந்தை ஐசியு எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ இருக்கு. தமிழ் பேசுற நர்ஸுங்களும் இருப்பாங்க, ஊர்லேர்ந்து வந்து இங்கிலீஷ் தயங்குறவங்களுக்கு அது பெரிய ஆறுதல்.

நடுவுல ஒரு வழி இருக்கு, அதே கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில பிரைவேட் பேஷன்டா போறது. ஒரே டாக்டர், கூட்டம் கொஞ்சம் கம்மி, மானியம் கிடையாது. முன்னாடி குறைப்பிரசவம் ஆனவங்க, பிரஷர், சர்க்கரை ஏற்கெனவே இருக்குறவங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், வெளி கிளினிக்ல பார்த்துட்டு கடைசி நேரத்துல இங்க தூக்கிட்டு ஓடுறதை விட இது நல்லது.

அடுத்தது பிரைவேட் கைனி. இதோட பெரிய பலமே வேகம்தான். இன்னிக்குப் போன் பண்ணினா இந்த வாரத்துலயே பார்ப்பாங்க, முதல் நாளே ஸ்கேன், சனிக்கிழமை திறந்திருப்பாங்க, சில பேர் வாட்ஸ்அப்லயே பதில் சொல்வாங்க. சின்னவ உண்டானப்ப ஏழாவது வாரமே இதயத்துடிப்பைப் பார்த்துட்டேன், அந்தக் குட்டி வெளிச்சம் துடிக்கிறதைப் பார்த்துட்டு என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசல, வெளிய வந்து ரெண்டு டீ வாங்கி ரெண்டையும் அவரே குடிச்சுட்டார். பத்தாவது வாரத்துல என்ஐபிடி ரத்தம் எடுத்தாங்க, டவுன் சிண்ட்ரோம் மாதிரி குறை இருக்க வாய்ப்பு எவ்வளவுன்னு அம்மாவோட ரத்தத்துலயே பார்க்குற டெஸ்ட். அதுலயே ஆணா பெண்ணான்னும் வந்துடும், இங்க அதைச் சொல்லத் தடை இல்ல. ஆனா என்ஐபிடி ஒரு ஸ்கிரீனிங்தான், இருக்குன்னு வந்தாலும் உறுதி பண்ண வேற டெஸ்ட் வேணும், அதைக் கடைசி வார்த்தைன்னு எடுத்துக்காதீங்க.

காசுன்னு பார்த்தா பிரைவேட்ல ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஏறிக்கிட்டே போகும். "ஆன்டிநேட்டல் பேக்கேஜ்"னு ஒரு தொகை சொல்வாங்க, கேட்க நல்லா இருக்கும், ஆனா அது பெரும்பாலும் 12 வாரம், 16 வாரம் தாண்டித்தான் ஆரம்பிக்கும், அதுக்கு முன்னாடி போற விசிட்டெல்லாம் தனி பில். ரத்தப் பரிசோதனை, என்ஐபிடி, 20-வது வாரம் பக்கம் எடுக்குற பெரிய ஸ்கேன் இதெல்லாம் பேக்கேஜ்க்குள்ள இருக்கான்னு எழுதி வாங்குங்க. நான் ஒரு கிளினிக்ல வாய் வார்த்தையை நம்பி, எல்லாம் சேர்ந்ததுன்னு நினைச்சுட்டு இருந்தேன், ஏழாம் மாசம் தனியா ஒரு பில்லை நீட்டினாங்க, கவுண்டர்ல சண்டை போடத் தெம்பும் இல்ல, கட்டிட்டு வந்தேன். கைனி ஃபீஸ் வேற, பிரசவம் பார்க்குற ஆஸ்பத்திரி பில் வேற, சிசேரியன் ஆனா மயக்க மருந்து டாக்டர் பில் இன்னொண்ணு, எல்லாத்துக்கும் மேல ஜிஎஸ்டி. சுகாதார அமைச்சோட வெப்சைட்ல எந்த ஆஸ்பத்திரியில எந்த வார்டுல பிரசவத்துக்கு பொதுவா எவ்வளவு பில் வருதுன்னு போட்டிருக்காங்க, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் உட்கார்ந்து அதை ஒரு தடவை பாருங்க, சி வார்டுக்கும் பிரைவேட்டுக்கும் நடுவுல இருக்குற தூரம் அப்பதான் உறைக்கும்.

மெடிசேவ், அதாவது சிபிஎஃப்ங்கற கட்டாயச் சேமிப்புல வைத்தியத்துக்குன்னு இருக்குற கணக்கு, இங்க பார்க்குற எந்த வழிக்கும் உதவும். பிரசவத்துக்கு முந்தின செலவுக்கு, அதாவது விசிட், ஸ்கேன், டெஸ்ட்டுக்கு 900 வெள்ளி வரைக்கும் எடுக்கலாம், பிரசவத்துக்கும் வார்டுக்கும் அது போக தனி. பொண்டாட்டி கணக்குல பத்தலன்னா புருஷன் கணக்குலேர்ந்து. பில் ரசீது ஒண்ணைக் கூடத் தூக்கிப் போடாதீங்க, ஒரு பிஸ்கட் டின்ல போட்டு வைங்க. மெடிஷீல்ட் லைஃப்ங்கற அரசாங்க மருத்துவ இன்சூரன்ஸ் சாதாரண பிரசவத்துக்கு வராது, 2019-லேர்ந்து சில பெரிய சிக்கல்களுக்கு மட்டும் வருது. கம்பெனி இன்சூரன்ஸ்ல பிரசவம் இருக்குன்னு யாராவது சொன்னா பாலிசியைப் படிச்சுட்டு நம்புங்க.

ஃபின்லாந்துல ஒரு பழக்கம் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1938-லேர்ந்து கர்ப்பிணிகளுக்குக் குழந்தைத் துணி, போர்வை எல்லாம் வச்ச பெட்டி கொடுக்குறாங்க, 1949-லேர்ந்து எல்லாருக்கும், ஆனா நாலாவது மாசம் முடியறதுக்குள்ள டாக்டர்கிட்டயோ கிளினிக்லயோ காட்டியிருக்கணும், இல்லன்னா பெட்டி கிடையாது. நம்ம தமிழ்நாட்டுலயும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேர்ல இருக்குற மகப்பேறு உதவித் திட்டம் 12 வாரத்துக்குள்ள பதிவு பண்ணச் சொல்லுது, ஏழைப் பெண்களுக்கு 18,000 ரூபாய் வரைக்கும், காசும் சத்துப் பொருளுமா. கிராமத்து நர்சம்மா வீடு வீடா வந்து "நாள் தள்ளிப் போயிருக்கா"ன்னு கேட்குறதுக்குப் பின்னாடி இதுவும் ஒரு காரணம். இங்க நமக்கு அந்த மாதிரி யாரும் கதவைத் தட்ட மாட்டாங்க, ஆப்பைத் திறந்து நாமளேதான் போடணும்.

வேலைக்கு வந்த புருஷனோட டிபெண்டன்ட் பாஸ்ல இருக்குறவங்களுக்குக் கணக்கே வேற. மானியம் இல்ல, சிபிஎஃப் இல்லாததால மெடிசேவும் இல்ல. அப்ப பாலிகிளினிக்ல போய் ரெஃபரல் வாங்குறதுல பணம் எதுவும் மிச்சமாகாது, நாள்தான் போகும், நேரா ஆஸ்பத்திரிக்கோ கைனிகிட்டயோ போயிடுங்க. மானியம் இல்லாத கவர்மெண்ட் பில்லையும் பிரைவேட் பேக்கேஜையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, வித்தியாசம் நீங்க நினைக்கிற அளவுக்கு இருக்காது. பக்கத்து மலேசியாவுல ஜொகூர் போய்ப் பார்த்துட்டு வர்றவங்களும் இருக்காங்க, மலிவுதான், ஆனா வாந்தியோட எல்லைப் பாலமான காஸ்வேயில ரெண்டு மணி நேரம் பஸ்ஸுல நிக்கிற யோசனையை யார் கொடுத்தாங்களோ.

ஒர்க் பெர்மிட்ல வீட்டு வேலைக்கு வந்த பொண்ணுங்களைப் பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா இந்த "எங்க போறது"ங்கற கேள்வியே அவங்களுக்கு இல்ல. ஆறு மாசத்துக்கு ஒருமுறை மெடிக்கல்ல கர்ப்பமான்னு பார்ப்பாங்க, கர்ப்பம்னா சிட்டிசனையோ பிஆரையோ அனுமதி வாங்கிக் கல்யாணம் பண்ணினவங்களைத் தவிர மத்தவங்க இங்க இருந்து பெத்துக்க முடியாது, திருப்பி அனுப்பிடுவாங்க. அதனால பயந்து மறைக்கிறாங்க, வயித்து வலி, ரத்தப்போக்குன்னு வந்தா கூட வாயைத் திறக்குறது இல்ல. எங்க புளோக்ல நாகப்பட்டினம் பக்கத்துப் பொண்ணு ஒருத்தி லிஃப்ட்ல வெளிறிப் போய் நின்னா, நான் என்னன்னு கேட்டும் சொல்லல, ஒரு வாரத்துல ஊருக்குப் போயிட்டான்னு அப்புறம் கேள்விப்பட்டேன். கண்ணு படும்னு நான் மறைச்சதையும் வேலை போயிடும்னு அவ மறைச்சதையும் ஒரே தட்டுல வைக்க எனக்கு மனசு வரல. ஹோம் மாதிரி பணிப்பெண்களுக்கு உதவுற அமைப்புங்க இருக்கு, அந்த நிலைமையில யாரையாவது பார்த்தா அந்த நம்பரைத் தேடிக் கொடுங்க.

இனி ஊரு. தலைப்பிரசவம் தாய்வீட்டுலன்னு நமக்கு ஊறிப்போன விஷயம், அம்மா கையால பத்தியச் சாப்பாடு, பிள்ளையைக் குளிப்பாட்ட ஆளு, இங்க ரெண்டு ரூம் வீட்ல புருஷனும் நீங்களும் மட்டும் ராத்திரி மூணு மணிக்கு முழிச்சுக்கிட்டு இருக்குறதை விட அது சொர்க்கம், மறுக்கவே மாட்டேன். ஆனா ரெண்டு கோடு வந்த உடனே கிளம்புறதும், ஏழாம் மாசம் கிளம்புறதும் ஒண்ணு இல்ல. உடனே போறவங்க என்ன பண்றாங்கன்னா, டிக்கெட் விலை இறங்கட்டும், லீவு கிடைக்கட்டும்னு ஆறேழு வாரம் தள்ளி, அங்க போய் நாலு நாள் சொந்தக்காரங்களைப் பார்த்துட்டு, அப்புறம் டாக்டர்கிட்ட போறப்ப 12 வாரம் தாண்டியிருக்கும். இங்கயும் காட்டல, அங்கயும் காட்டல. என் தங்கச்சி செஞ்சதுதான் சரின்னு எனக்குப் படுது, முதல் ஆறு மாசம் இங்க, எல்லா ரிப்போர்ட்டையும் ஃபைல் போட்டு, போன்லயும் போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு, டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கிட்டுப் போனா. பிளேன்ல பொதுவா 28 வாரத்துக்கு மேலன்னா டாக்டர் சர்டிபிகேட் கேட்பாங்க, 36 வாரத்துக்கு மேல ஏத்த மாட்டாங்க, ரெட்டைப் பிள்ளைன்னா இன்னும் முன்னாடியே நிறுத்திடுவாங்க, சீமந்தத்துக்கு நாள் பார்க்குறப்ப ஜோசியரோட சேர்த்து ஏர்லைனையும் கேட்டுக்குங்க.

அங்க போனா இன்னும் சில விஷயம். தமிழ்நாட்டுல கர்ப்பத்தைப் பதிவு பண்ணி பிக்மி நம்பர்னு ஒண்ணு எடுக்கணும், குழந்தையோட பிறப்புச் சான்றிதழுக்கு அதைக் கேட்பாங்க, என் தங்கச்சிக்கு இது பிரசவத்துக்கு ரெண்டு வாரம் இருக்குறப்பதான் தெரியும், அப்பா வெயில்ல ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அலைஞ்சார். ஆணா பெண்ணான்னு அங்க ஸ்கேன்ல கேட்கவே கூடாது, 1994 சட்டப்படி குற்றம், இங்க ஏற்கெனவே தெரிஞ்சிருந்தா வாயை மூடிக்கிட்டு இருக்குறது உத்தமம். குழந்தைக்கு சிங்கப்பூர் குடியுரிமை அப்பா அம்மா வழியா வரும்னாலும் ஒரு வருஷத்துக்குள்ள பதிவு பண்ணணும். வேலைக்குப் போறவங்களுக்குப் பெரிய தலைவலி லீவுதான். குழந்தை சிட்டிசன்னா 16 வாரம் சம்பளத்தோட கிடைக்கும், அதுல நாலு வாரம்தான் வழக்கமா பிரசவத்துக்கு முன்னாடி, ஏழாம் மாசமே போனா மிச்ச வாரத்துக்கு சம்பளமில்லா லீவு. புருஷனுக்கும் இப்ப நாலு வாரம் லீவு உண்டு, அவரு இங்க, பிள்ளை அங்கன்னா அந்த லீவை எப்ப எப்படி எடுக்குறதுன்னு முன்னாடியே பேசிக்குங்க.

என் பக்கத்து டேபிள் பொண்ணு பிஆர், புருஷன் சிட்டிசன், ரெண்டு பேர் சம்பளமும் சுமார், உடம்புல பெரிய பிரச்சனை எதுவும் இல்ல, ஆனா அவங்க அம்மாவுக்கு சர்க்கரை. அவளுக்கு நான் சொன்னது பாலிகிளினிக்தான், அதுவும் அந்த ஞாயித்துக்கிழமையே ஆப்ல போடுன்னு. தெரிஞ்சவங்க பார்த்துருவாங்கன்னு பயமா, வேற பேட்டை பாலிகிளினிக்குப் போ, யாரு கேட்கப் போறா. ஆஸ்பத்திரி தேதி ரொம்பத் தள்ளிப் போச்சுன்னா கவுண்டர்ல "எனக்கு 13 வாரத்துக்குள்ள அந்த ஸ்கேன் வேணும்"னு வாரக் கணக்கைச் சொல்லிக் கேளு, கூச்சப்படாதே, கேன்சலான ஸ்லாட் கிடைக்கும். அப்படியும் கிடைக்கலன்னா அந்த ஒரு ஸ்கேனை மட்டும் வெளிய காசு கொடுத்து எடுத்துட்டு, ரிப்போர்ட்டை இங்க கொண்டுபோய்க் கொடுக்கலாமான்னு கேளு. நடுவுல ஒரு பக்கம் சுருக்குனு வயித்து வலி, ரத்தம் பட்டுச்சுன்னா அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதே, கேகேயில பெண்களுக்கான அவசரப் பிரிவு 24 மணி நேரமும் இருக்கு. கையில தாராளமா காசு இருந்து, ஒரே டாக்டர் முகத்தைப் பார்த்தாதான் நிம்மதின்னா பிரைவேட் போறது தப்பே இல்ல, நானே சின்னவளுக்குப் போனவதானே. ஊருக்குப் போறதை ஆறாம் மாசம் பேசிக்கலாம்.

அம்மாகிட்ட என்ன சொல்றதுன்னு கேட்டா. ஊருக்குச் சொல்லாம இருக்குறது அம்மா இஷ்டம், டாக்டர்கிட்ட சொல்றது உன் வேலைன்னு சொல்லுன்னேன். நேத்து மதியம் பேன்ட்ரியில யாரும் இல்லாத நேரமா வந்து போனைக் காட்டினா, பாலிகிளினிக் போயாச்சு, ஃபோலிக் ஆசிட் கொடுத்துட்டாங்க, கேகே தேதி வந்துருச்சு, அன்னிக்கு அவளுக்கு 10 வாரம் 4 நாள். அதுக்குள்ள சீனா பாட்டி, எங்க ஆபீஸ் கிளீனர், உள்ள வந்து இவ முகத்தையும் கையில இருந்த புளிப்பு மாங்காயையும் பார்த்துட்டு சிரிச்சாங்க. போச்சு, இனி யாருக்குத் தெரியாது.